பனிமேல் ஓடும் பூட்ஸ்: பொருத்தம் முதலில், வேகம் பிறகு

கனடாவின் மானிடோபா மாகாணத்தில் உள்ள பிராண்டன் நகரில், 1905 வாக்கில், ஜார்ஜ் டாக்கபெரி என்றொரு பூட்ஸ் தைப்பவர் இருந்தார். அதே ஊரில் குடியிருந்த ஐஸ் ஹாக்கி வீரர் ஜோ ஹால், தன் பூட்ஸ் ஒரு பருவம்கூடத் தாங்காமல் தொளதொளத்துப் போகிறது என்று அவரிடம் வந்து நின்றார். ஈரத்தில் எளிதில் நெகிழாத கங்காரு தோலைக் கொண்டு, குதிகாலையும் பாத வளைவையும் தாங்கிப் பிடிக்கும்படி டாக்கபெரி ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். ஒருவருக்காகத் தைத்தது வாய்வழியாகப் பரவி, தொழில்முறை வீரர்கள் தேடி வாங்கும் பூட்ஸ் ஆயிற்று. பிற்காலத்தில் சிசிஎம் நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. ‘டாக்ஸ்’ என்ற பெயரில் அந்த நிறுவனம் இன்றும் ஸ்கேட் விற்கிறது.

தோல்தான் போய்விட்டது. இன்றைய உயர்ரக ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டின் உடல், கார்பன் இழையையோ கண்ணாடி இழையையோ பிளாஸ்டிக் பிசினோடு அடுக்கி, அழுத்தி வார்த்த ஒரு கூடு. இதைத்தான் காம்போசிட் பூட்ஸ் என்கிறார்கள். பிளேடோடு சேர்த்தும் ஒரு ஸ்கேட் ஒரு கிலோ எடை வராது. முதல்தர ஜோடி ஒன்றின் விலை 1,000 அமெரிக்க டாலரைத் தாண்டும். விலையையும் எடையையும் பார்த்தே வாங்கிவிடுகிறவர்கள் ஏராளம். தோல் பூட்ஸ் நாளாவட்டத்தில் காலுக்கு வழிவிட்டது. காம்போசிட் கூடு அப்படி வழிவிடாது. பொருத்தம் சரியாக இருந்தால் அதன் விறைப்பு ஆட்டக்காரருக்கு வேலை செய்யும். பொருந்தவில்லை என்றால் அதே விறைப்பு அவரைப் படுத்தி எடுக்கும்.

விறைப்பு எதற்கு? நடக்கும்போது தரையைப் பின்னோக்கி உந்துகிறோம். பனியில் அது நடக்காது, பிளேடு நீளவாக்கில் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே ஸ்கேட்டர் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, பிளேடின் விளிம்பைப் பனியில் பதித்து, பக்கவாட்டில் உந்துகிறார். இடுப்பிலும் தொடையிலும் பிறக்கும் விசை கணுக்காலைத் தாண்டி, பூட்ஸைத் தாண்டி, சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட எஃகுத் தகட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவே பூட்ஸ் பக்கவாட்டில் மடங்கினால், அல்லது உள்ளே குதிகால் மேலெழும்பினால், அந்த விசையில் ஒரு பங்கு பூட்ஸுக்குள்ளேயே வீணாகும்.

அதே சமயம் முன்னோக்கிக் கணுக்கால் மடங்கியாக வேண்டும். முழங்காலை வளைத்துத் தாழ்ந்து நிற்பதுதான் ஸ்கேட்டிங்கின் அடிப்படை நிலை. பக்கவாட்டில் மடங்கக் கூடாது, முன்பக்கம் மடங்க வேண்டும் என்ற எதிரெதிரான இரண்டு குணங்களைத் தோலில் ஒருசேரக் கொண்டுவருவது கடினம். இழையை எந்தத் திசையில், எந்த இடத்தில், எத்தனை அடுக்கு வைப்பது என்று தயாரிப்பாளரே தீர்மானிக்க முடிவதால் காம்போசிட்டில் அது கைகூடுகிறது.

இந்த எண்ணம் ஹாக்கிக்குள் வந்ததில் வேகச் சறுக்குப் பந்தயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பாதத்தை அச்செடுத்து அதன்மேல் கார்பன் இழையை வார்க்கும் வழக்கம் அந்தப் பந்தய வீரர்களிடம் முன்பே இருந்தது. அவர்களுக்கு பூட்ஸ் செய்துவந்த ஸ்காட் வான் ஹோர்ன், அதே முறையை ஹாக்கிக்குக் கொண்டுவந்தார். அவருடைய வடிவமைப்பில் பிறந்த ஸ்கேட்டை ஈஸ்டன் நிறுவனம் 2013இல் ‘மாகோ’ என்ற பெயரில் விற்றது. முழுக் கூட்டையும் சூடாக்கிக் காலில் படியவைக்கலாம் என்பதும், கணுக்கால் தாராளமாக முன்னே மடங்கும் என்பதும் அதன் தனிச்சிறப்பு. வினிபெக் நகரில் இயங்கிய அவருடைய விஎச் நிறுவனத்தை 2016இல் ட்ரூ நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஒற்றைத் துண்டாக வார்த்த பூட்ஸ் இன்று பெரிய நிறுவனங்கள் பலவற்றிலும் கிடைக்கிறது.

சரி, கடைக்குப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் தவறு பெரும்பாலும் எண்ணில்தான் நேர்கிறது. ஹாக்கி ஸ்கேட்டின் அளவு எண், அன்றாடம் போடும் ஷூவின் எண்ணைவிட ஒன்று அல்லது ஒன்றரை குறைவாக இருப்பது வழக்கம். ஷூ எண்ணைச் சொல்லி வாங்குகிறவருக்கு பூட்ஸ் பெரிதாகத்தான் அமையும். வளரும் பிள்ளைக்கு இரண்டு வருடம் வரட்டும் என்று பெரிதாக வாங்கித் தரும் பெற்றோர் எல்லா நாட்டிலும் உண்டு. காசை மிச்சப்படுத்தும் அந்த எண்ணம் நியாயமானதுதான். ஆனால் உள்ளே ஆடும் காலோடு கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு விளிம்பில் நிற்கும் பழக்கமே வராது.

நீளத்தை நின்றபடி சோதிக்க வேண்டும். கால் நேராக இருக்கும்போது விரல் நுனி முன்முனையை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னே போய் உட்கார, விரல்கள் சற்று விலக வேண்டும். அப்போதும் விரல் அழுந்தியே இருந்தால் பூட்ஸ் சிறியது. லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளி நின்று, குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் சிரமப்பட்டு நுழைகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. இரண்டு விரல் நுழைந்தால் வேறு எண்ணுக்குப் போக வேண்டியதுதான்.

நீளத்தைவிடப் பலரைக் கவிழ்ப்பது உயரம். ஒரே நீளப் பாதங்களில் புறங்கால் மேடு ஒருவருக்குத் தாழ்ந்திருக்கும், இன்னொருவருக்கு உயர்ந்திருக்கும். இதற்குக் கடைகளில் பென்சில் சோதனை என்றொரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். காலைப் பூட்ஸில் நுழைத்து, நாக்குப் பகுதியை முன்னே மடக்கிவிட்டு, மேலிருந்து மூன்றாவது லேஸ் துளை அருகே ஒரு பென்சிலைக் குறுக்கே வைக்க வேண்டும். பென்சில் இரண்டு பக்கத் துளை விளிம்புகளிலும் படிந்து, புறங்காலை அழுத்தாமல் இருந்தால் ஆழம் போதும். புறங்கால் மேட்டில் பட்டு அது ஆடினால், லேஸை இறுக்கும்போது அந்த மேடும் கணுக்காலின் முன்பக்கத் தசைநாண்களும் அழுந்தும். ‘லேஸ் கடி’ என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் வலிக்கு இது ஒரு முக்கியக் காரணம். வாரக்கணக்கில் விடாமல் வாட்டக்கூடிய வலி அது.

இந்த அகல, உயர வேறுபாடுகளை நிறுவனங்களும் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டன. பாவர் நிறுவனம் ஒவ்வொரு எண்ணிலும் மூன்று வகைக் கொள்ளளவில் பூட்ஸ் தருகிறது. சிசிஎம் குறுகலானது, வழக்கமானது, அகலமானது என்று பிரிக்கிறது. பாதத்தை முப்பரிமாணத்தில் படமெடுக்கும் கருவிகள் பல கடைகளில் உள்ளன; கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் அந்தக் காலுக்கென்றே வார்த்துத் தரும் சேவையும் உண்டு. படம் நல்ல தொடக்கம். ஆனால் அது அசையாமல் நிற்கும் காலின் அளவு. முழங்கால் மடங்கி, எடை முழுவதும் ஒற்றைக் காலில் இறங்கும்போது பாதம் விரிந்து நீள்வதை அது காட்டாது. கருவி சொன்ன எண்ணை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போவதைவிட, பூட்ஸைக் கட்டிக்கொண்டு கடையிலேயே கால்மணி நேரம் உட்கார்ந்து எழுந்து பார்ப்பது நல்லது.

அடுத்தது சூடு. ஒருமுறை இறுகிய எப்பாக்ஸி பிசினில் வார்த்த கார்பன் கூடு, மிதமான சூட்டுக்கு இளகாது. சூட்டில் இளகி ஆறியதும் மறுபடி இறுகும் வகைப் பிளாஸ்டிக்கில் வார்த்தால் காலுக்கேற்பப் படியவைக்கலாம். பாவர் பயன்படுத்தும் ‘கர்வ்’ என்ற பொருளில் இழையும் பாலிபுரோப்பிலீன், அதைப் பிடித்து வைத்திருப்பதும் பாலிபுரோப்பிலீன். லேசானது, எளிதில் உடையாதது, சூட்டில் கொஞ்சம் இளகிக்கொடுப்பது. கடைக்காரர் பூட்ஸைச் சிறப்பு அடுப்பில் சுமார் 80 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வைத்து எடுப்பார். உடனே காலில் மாட்டி, லேஸைப் பக்கவாட்டில் இழுக்காமல் நேர் முன்னே இழுத்துக் கட்டி, ஆறும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். எழுந்து நின்றால் இளகிய கூடு கோணலாகப் படிந்துவிடும். அன்றே பனியில் இறங்கவும் கூடாது. தவறான எண்ணில் வாங்கிய பூட்ஸை இந்த அடுப்பு காப்பாற்றாது என்பதைக் கடைக்காரர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். கணுக்கால் எலும்பருகே அழுத்தத்தைக் குறைக்கலாம், குதிகால் பிடியைக் கூட்டலாம். நீளத்தை மாற்ற முடியாது.

விறைப்பை எடுத்துக்கொண்டால், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. தொழில்முறை லீக்கில் ஆடும் 90 கிலோ வீரருக்காக வடிவமைத்த பூட்ஸை 55 கிலோ எடையுள்ள ஒருவர், வாரம் ஒருமுறை ஆடுகிறவர், மாட்டினால் கணுக்கால் முன்னே மடங்கவே மறுக்கும். முழங்கால் நிமிரும், உடல் எடை குதிகாலுக்குப் போகும், ஒவ்வொரு உந்துதலும் குட்டையாகும். அவர் ஒரு படி கீழான மாடலில் இன்னும் வேகமாகச் சறுக்குவார். மேல்துளை ஒன்றை லேஸ் கோக்காமல் விட்டுப் பார்ப்பது இதைக் கண்டறிய எளிய வழி. அதில் ஆட்டம் இலகுவானால் பூட்ஸ் அளவுக்கு மீறி விறைப்பானது என்று தெரியும்.

மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை ஆய்வுக்கே எடுத்துக்கொண்டார்கள். குதிகாலுக்கு மேலே தசைநாணைக் காக்கும் பின்தகட்டை வளையும்படி மாற்றி, லேஸ் துளை அமைப்பையும் மாற்றிய ஸ்கேட்டை அவர்கள் சோதித்தபோது, கணுக்காலின் அசைவு வீச்சு கூடியது. உந்துதலின் கடைசிக் கணத்தில் பாதம் கீழ்நோக்கி நீள்வதற்கு இடம் கிடைக்கிறது. பின்தகடு எந்த அளவுக்கு வளைகிறது என்பதையும் வாங்குகிறவர் கையால் அழுத்திப் பார்க்கலாம்.

பொருத்தம் பற்றிப் பேசும்போது பழைய ஹாக்கி நட்சத்திரங்கள் இருவரின் பெயர்கள் அடிக்கடி வரும். பாபி ஓர் ஸ்கேட்டுக்குள் சாக்ஸ் போடாமலே ஆடினார். பூட்ஸின் பிடியை நேரடியாகப் பாதத்தில் உணர விரும்பியவர் அவர். 1985-86 பருவத்தில் 48 கோல் அடித்து, தற்காப்பு வீரர்களில் சாதனை படைத்த பால் காஃபி, தன் பாதத்தைவிடச் சிறிய ஸ்கேட்டில் காலைத் திணித்துக்கொண்டு ஆடியவர். இருவரும் தேடியது ஒன்றே: காலுக்கும் பிளேடுக்கும் நடுவே துளி இடைவெளியும் இருக்கக் கூடாது. தோலும் துணியும் சேர்ந்த அந்தக் காலத்து பூட்ஸில் அதற்கு அந்த விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று காஃபியைப் பின்பற்றி விரல்களை மடக்கிக்கொள்ளத் தேவையே இல்லை.

இனி பனியில் இறங்கிச் சோதிக்கும் கட்டம். பலர் ஏமாறுவது இங்கேதான். புது ஸ்கேட்டில் பூட்ஸ் மட்டும் மாறுவதில்லை. பிளேடும் மாறுகிறது, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடியின் உயரமும் சாய்வும் மாறுகின்றன. ஹாக்கி பிளேடின் அடிப்பகுதி அரிவாள்மணை போல ஒற்றைக் கூர் கொண்டதல்ல. நடுவே ஒரு மெல்லிய பள்ளமும் இருபுறமும் இரண்டு விளிம்புகளும் இருக்கும். சாணை பிடிப்பவர் அந்தப் பள்ளத்தின் வளைவு ஆரத்தைத் தீர்மானிக்கிறார். வட அமெரிக்காவில் அரை அங்குல ஆரம் பரவலானது. ஆரம் குறைந்தால் பள்ளம் ஆழமாகும், விளிம்பு பனியைக் கவ்விப் பிடிக்கும். ஆரம் கூடினால் சறுக்கல் நீளும், பிடி குறையும். பழைய ஸ்கேட்டில் மழுங்கிய விளிம்போடு ஆடியவர் புதியதில் கூரான விளிம்போடு இறங்கினால், திருப்பங்களில் கிடைக்கும் பிடியைப் பூட்ஸின் கணக்கில் எழுதிவிடுவார். புது பூட்ஸுக்குக் கிடைக்கும் பாராட்டில் கணிசமான பங்கு, சாணை பிடித்தவருக்குச் சேர வேண்டியது.

ஆகவே ஒப்பிட விரும்புகிறவர் பழையதையும் புதியதையும் ஒரே நாளில், ஒரே ஆரத்தில் சாணை பிடித்துக்கொள்ள வேண்டும். பிளேடைத் தலைகீழாகப் பிடித்து ஒரு நாணயத்தை விளிம்புகளின் மேல் குறுக்கே வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே உயரமா என்பது தெரிந்துவிடும். பிறகு நேர்வேகத்தை மட்டும் அளப்பது போதாது. ஒற்றைக் காலில் சறுக்கிக்கொண்டே போவது, இரு திசையிலும் வளைவில் காலைக் குறுக்கே மாற்றிப் போட்டு ஓடுவது, பின்னோக்கிச் செல்வது, இரு பக்கமும் திடீரென நிற்பது ஆகிய எல்லாவற்றிலும் குதிகால் அசைகிறதா என்று கவனிக்க வேண்டும். முதல் சில நாட்களில் உள்ளங்கால் களைப்பதும், பிடியின் சாய்வு மாறியதால் முன்னே விழப்போவது போலத் தோன்றுவதும் பெரும்பாலும் பழகிவிடும். விரல்கள் மரத்துப்போவது, கணுக்கால் எலும்பில் ஒரே புள்ளியில் தொடர்ந்து வலிப்பது, குதிகால் பின்புறம் புடைப்பது ஆகியவை பழகும் வலிகள் அல்ல. கடைக்குத் திரும்பிப் போய் அந்த இடத்தைச் சூடாக்கி வெளியே தள்ளச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இந்த விஷயம் லடாக் ஆட்டக்காரர்களைத் தொடுகிறது. பெரும்பாலும் லடாக் பெண்களைக் கொண்ட இந்திய மகளிர் அணி, 2025இல் ஆசிய-ஓசியானியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. லேயின் உறைந்த குளங்களில் ஆடிப் பழகும் பிள்ளைகளில் பலர் வெளிநாடுகளிலிருந்து நன்கொடையாக வந்த ஸ்கேட்டுகளில்தான் தொடங்குகிறார்கள். வேறொருவரின் காலுக்குப் படியவைத்த காம்போசிட் பூட்ஸ், புதிய காலுக்குத் தானாகப் படியாது. சூட்டில் இளகும் வகையென்றால் மீண்டும் சூடாக்கி முயலலாம், ஆனால் அதற்கு அடுப்பும் செய்யத் தெரிந்த ஆளும் வேண்டும். பழையதை வாங்குகிறவரும் பெறுகிறவரும் பார்க்க வேண்டியவை சில: இரு கைகளாலும் கணுக்கால் பகுதியை உள்நோக்கி அழுத்தினால் கூடு எதிர்த்து நிற்கிறதா, பிடியை இணைக்கும் ரிவெட்டுகள் ஆடுகின்றனவா, அடிப்பகுதியில் விரிசல் உண்டா, பிளேடில் இன்னும் எத்தனை முறை சாணை பிடிக்க எஃகு மிச்சமிருக்கிறது. கூடு தளர்ந்துபோன பூட்ஸைச் சரிசெய்ய வழியில்லை. பிளேடு மட்டும் தேய்ந்திருந்தால் கவலையில்லை. அந்த மாடலுக்குரிய புது எஃகு கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்கலாம்.