தாத்தாவின் அம்பாஸடருக்குப் புது இன்ஜினா... கொஞ்சம் பொறுங்க!

ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் தாத்தா காலத்து அம்பாஸடரை மறுபடி ஓடவைக்கலாம் என்று பேச்சு வந்தாலே வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ``இருந்தது இருந்தபடியே இருக்கணும்'' என்பார் அப்பா. ``ஏ.சி, பவர் ஸ்டீயரிங், புது டீசல் இன்ஜின் போட்டுக்கலாம்ப்பா'' என்பான் மகன்.

ஓசூர்க்காரர்களுக்கு மகன் சொல்வது பெரிய வேலையே இல்லை. 1980-லேயே அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் வண்டி தயாரிக்க ஆரம்பித்த ஊர் இது. சிப்காட்டைச் சுற்றி லேத், வெல்டிங், டிங்கரிங் பட்டறைகள். கடையில் கிடைக்காத புஷ்ஷைக்கூட சாம்பிள் பார்த்துக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். அங்கேயும் முடியாவிட்டால் எல்லை தாண்டி பெங்களூரு ஜே.சி. ரோடு இருக்கவே இருக்கிறது.

ஆனால், எதைச் செய்ய முடியும் என்பது வேறு. எதைச் செய்யலாம் என்பது வேறு.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதலில் பதிவான நாளிலிருந்து 50 ஆண்டுகள் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான கார், டூ வீலர்கள் இதில் வரும். முக்கியமான நிபந்தனை, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தாத்தாவின் நம்பர் பிளேட்டுக்காகவே இதைச் செய்யலாம் என்பது என் கட்சி!

ஆக, மகன் ஆசைப்படும் அந்தப் புது இன்ஜின் ஏறினால், விண்டேஜ் அந்தஸ்து கைவிட்டுப் போகும். சாதாரணப் பதிவில் ஓட்டிக்கொள்கிறேன் என்றாலும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கேரளாவிலிருந்து சென்ற ஒரு வழக்கில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ அனுமதி வேண்டும், ஆர்.சி-யிலும் ஏற வேண்டும்.

அம்பாஸடர் வாங்குபவர்கள் ஏமாறும் இடமும் இதுதான். பெட்ரோலில் பிறந்து, பிற்பாடு டீசலுக்கு மாறிய அம்பாஸடர்கள் ஏராளம். வெளியே பார்த்தால் பளபளப்பு. பானெட்டைத் திறந்தால் வேறு கதை. கர்நாடகப் பதிவு வண்டியை வாங்கி வருபவர்கள், என்.ஓ.சி-க்கு அலைவதற்கு முன்பே இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி-யோடு ஒப்பிட்டுவிடுங்கள். பணம் கொடுத்த பிறகு பார்த்துப் பயனில்லை.

அப்பா கட்சிக்கும் ஒரு வார்த்தை. எல்லாமே அசலாக இருந்தால் ஆபத்து. இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊறி, வெடித்துவிடும். சூடான இன்ஜினுக்கு மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஹோஸ், வாஷர், ஒயரிங், டயர் எல்லாம் தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். அது மாடிஃபிகேஷன் அல்ல, மெயின்டனன்ஸ்.

பழைமை வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பான ஃபிவாவின் `டூரின் சாசனம்' இதற்கு ஒரு நல்ல வழி சொல்கிறது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் குறைவாக மாற்றுங்கள், திரும்பப் பழையபடி ஆக்கக்கூடியதாக மாற்றுங்கள், கழற்றிய அசல் பாகத்தைப் பத்திரப்படுத்துங்கள். சேஸிஸில் புதிதாகத் துளை போடாமல் ஒரு பாகத்தைப் பொருத்த முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டாலே பாதிப் பிரச்னை தீரும்.

இன்னொன்று, விண்டேஜ் பதிவு வாங்கினால் தினமும் கடைவீதிக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸுக்கு என்று குறிப்பிட்ட தேவைகளுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். வாராவாரம் குடும்பத்தோடு சந்திரசூடேஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டுமா, நம்பர் பிளேட்டைக் காப்பாற்ற வேண்டுமா... வேலையை ஆரம்பிக்கும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கார் இல்லாதவர்களுக்கும் ஒரு சேதி. ஓசூரில் 1980-ல் பிறந்த டி.வி.எஸ் 50-க்கு 2030-ல் வயது 50. பால் கேன் கட்டுவதற்காக வெட்டி, ஒட்டி, வெல்டு வைக்காத ஒரு வண்டி உங்கள் வீட்டுத் திண்ணையில் நின்றால், அதைப் பழைய இரும்புக்கு எடைபோட இன்னும் கொஞ்ச நாள் யோசிக்கலாம்.