ஏழு ஆட்டம், 140 ஓவர், ஒரு பாயின்ட்ஸ் டேபிள்

ஜூன் கடைசி வாரத்தில் ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் கல்லூரிப் பையன்கள் பக்கம் கொஞ்சம் காதைக் கொடுங்கள். "மதுரை ஜெயிக்கணும்டா. ஆனா கடைசி ஓவர்லதான் ஜெயிக்கணும். பதினேழாவது ஓவர்லயே முடிச்சுட்டாங்கன்னா நம்ம கதை கந்தல்." திருச்சிக்காரப் பையன் மதுரைக்காக வேண்டிக்கொள்கிறான், அதுவும் அளவோடு ஜெயிக்க வேண்டும் என்று ஓவர் கணக்கு சொல்லி வேண்டிக்கொள்கிறான்! தமிழ்நாடு பிரீமியர் லீக்கின், அதாவது டி.என்.பி.எல்.லின், லீக் சுற்று முடியப் போகிற அந்த நாலைந்து நாள் இந்த ஊரில் நடக்கும் கூத்து இருக்கிறதே, ஆட்டத்தைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும்.

திருச்சிக்கு அணி இருக்கிறது, மைதானம் இல்லை. ரூபி திருச்சி வாரியர்ஸ் என்று ஆடினார்கள், பிறகு பால்சி திருச்சி ஆனார்கள், இப்போது திருச்சி கிராண்ட் சோழாஸ். ஆட்டங்களெல்லாம் சேலத்தில், கோவையில், நெல்லை சங்கர் நகரில், திண்டுக்கல் பக்கம் நத்தத்தில். பக்கத்தில் இருப்பது நத்தம்தான். விராலிமலை, துவரங்குறிச்சி வழியாகப் போய்ச் சேர வேண்டும். எல்லாருக்கும் அது முடிகிற காரியமா? ஆகவே இந்த ஊர் ரசிகர் தன் அணியைத் தினமும் பார்க்கும் இடம் பாயின்ட்ஸ் டேபிள். காலையில் பேப்பரைப் பிரித்ததும் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி, திறப்பு எத்தனை கன அடி என்று பார்த்தே பழகிய கண்கள் இவை. ஜூன் 12 அணை திறப்பும் டி.என்.பி.எல்.லும் ஒரே பருவம் வேறு. தண்ணீர் முக்கொம்புக்கு எப்போது வரும் என்று மணிக்கணக்குச் சொல்லத் தெரிந்த ஊருக்கு, புள்ளி சமமானால் இடத்தை முடிவு செய்யும் நெட் ரன் ரேட் என்ன பெரிய வித்தை?

வாருங்கள், உள்ளே போய்ப் பார்ப்போம். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு வீட்டுத் திண்ணை. ஆட்டம் முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் மடியில் பழைய டைரியோடு உட்கார்ந்திருக்கிறார். எதிர்வீட்டு இன்ஜினீயரிங் பையன் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்துவிட்டான்.

"மாமா, நாம 20 ஓவர்ல 150. அவா 18.3 ஓவர்ல 151."

"18.3-ன்னு அப்படியே போட்டுடாதேடா! மூணு பந்துன்னா அரை ஓவர். 18.5 போடு."

இந்த ஒரு இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். நாம் அடித்தது ஓவருக்கு 7.50. அவர்கள் அடித்தது 151-ஐ 18.5-ஆல் வகுத்தால் 8.16. அந்த ஆட்டத்துக்கு மட்டும் நம் கணக்கு மைனஸ் 0.66. ஆனால் நெட் ரன் ரேட்டை ஆட்டம் ஆட்டமாகப் போட்டுச் சராசரி எடுக்கக் கூடாது. சீசன் முழுக்க அடித்த ரன்னையும் ஆடிய ஓவரையும் ஒரு பக்கம் கூட்ட வேண்டும். கொடுத்த ரன்னையும் வீசிய ஓவரையும் மறுபக்கம் கூட்ட வேண்டும். இரண்டையும் வகுத்துக் கழித்தால் வருவதுதான் டேபிளில் கடைசிக் கட்டத்தில் நிற்கும் அந்தச் சின்ன எண். அந்த டைரியில் இரண்டு பக்கமும் வரவு செலவு மாதிரியே கோடு போட்டிருக்கிறது!

இன்னொரு விதி, இதைக் கேட்டதும் பையனின் கண் விரிந்தது. பதினான்கு ஓவரில் 90-க்கு ஆல் அவுட் ஆனால், கணக்கில் அது 14 ஓவர் இல்லை, முழு 20 ஓவர். அதாவது ஓவருக்கு நாலரை ரன்தான். தோற்பது உறுதியான ஆட்டத்திலும் பத்தாவது, பதினோராவது ஆட்டக்காரர் எடுக்கும் ஒவ்வொரு ரன்னுக்கும் மதிப்பு இருக்கிறது என்று இதற்குப் பொருள். எவ்வளவு மதிப்பு? ஏழு ஆட்டம், ஆட்டத்துக்கு 20 ஓவர், மொத்தம் 140. ஒரு ரன் என்பது சீசன் முடிவில் சுமார் 0.007. ஐ.பி.எல்.லில் பதினான்கு ஆட்டம் என்பதால் அதே ரன்னுக்கு அதில் பாதி மதிப்புதான். சின்ன லீக்கில் ஒவ்வொரு சிங்கிளும் இரட்டிப்பாகப் பேசுகிறது. டி.வி.யில் ஆட்டம் போயிற்று என்று எல்லாரும் எழுந்து போன பிறகு நடக்கும் கடைசி விக்கெட் ஜோடியை நான் கண் கொட்டாமல் பார்ப்பது இதற்காகத்தான்.

0.007 எல்லாம் ஒரு கணக்கா என்பவர்கள் ஐ.பி.எல்.லில் 2024 மே 18-ஐ நினைத்துப் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் அந்த ராத்திரியை யார் மறப்பார்கள்? பெங்களூர் 218 அடித்தது. சென்னை ஜெயிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, 201 எடுத்தால் பிளே-ஆஃப். கடைசி ஓவரில் 17 வேண்டும். யஷ் தயாள் போட்ட முதல் பந்தை தோனி சிக்ஸருக்குத் தூக்கினார், அடுத்த பந்தில் அவுட். சென்னை 191-ல் நின்றது. இரண்டு அணிக்கும் 14 புள்ளி. பெங்களூர் 0.459, சென்னை 0.392. வித்தியாசம் 0.067. அதை டி.என்.பி.எல். அளவுக்குக் கொண்டுவந்தால் பத்து ரன்கூட இல்லை!

இப்போது எனக்குத் தலைகால் புரியாத ஆனந்தம் தரும் கணக்குக்கு வருகிறேன். எட்டு அணி, ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் ஒரு தடவை, ஆக 28 லீக் ஆட்டம். ஜெயித்தால் 2 புள்ளி, மொத்தம் 56. எட்டால் வகுத்தால் தலைக்கு 7. ஆனால் மழை வந்து ஒரு ஆட்டம் கைவிடப்பட்டு ஆளுக்கு ஒரு புள்ளி கிடைத்தால் தவிர, யாராலும் 7 எடுக்கவே முடியாது! ஆறு அல்லது எட்டு. அதனால் பிளே-ஆஃப் போகும் முதல் நான்கு இடத்துக்கான எல்லைக்கோடு ஒவ்வொரு வருஷமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தள்ளாடும்.

2023-ல் திருச்சி ஏழு ஆட்டத்திலும் தோற்றது. வலித்தது, உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஒரு அணி பூஜ்யத்தில் நின்றால், மற்ற ஏழும் ஆளுக்கு 4 வெற்றியோடு 8 புள்ளியில் சமமாக நிற்பதற்கு இடம் உண்டு. அப்படி நடந்தால் எட்டுப் புள்ளி எடுத்த மூன்று அணி வீட்டுக்குப் போகும். 2025-ல் நேர் எதிர். சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸ் லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, 14 புள்ளி. ஒருவர் அத்தனையையும் அள்ளிக்கொண்டால், மற்ற ஏழு பேரும் 6 புள்ளியில் முட்டி மோதி, அதில் மூன்று பேர் ரன் ரேட்டால் உள்ளே போகலாம். ஏட்டில் உள்ள கணக்குதான், அப்படியே நடந்துவிடவில்லை. ஆனாலும் சீசன் பாதியில் "நாலு ஜெயிச்சா போதுமா?" என்று யாராவது கேட்டால் இந்த ஊர் ரசிகர்கள் சட்டென்று பதில் சொல்லாமல் "சேப்பாக்கம் எத்தனை?" என்று திருப்பிக் கேட்பது இதனால்தான்.

மழை வந்தால் இலக்கைத் திருத்தும் கணக்கே வேறு. டி.என்.பி.எல்.லில் டக்வொர்த்-லூயிஸ் கிடையாது. கேரளத்துப் பொறியாளர் வி. ஜெயதேவன் வகுத்த வி.ஜே.டி. முறை. அதைத் திண்ணையில் யாரும் கையால் போட்டுப் பார்ப்பதில்லை, ஸ்கிரீனில் வரும் எண்ணை அப்படியே ஒத்துக்கொள்கிறார்கள்.

ரசிகர்கள் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார்களே, இதற்கு உண்மையில் பயன் உண்டா? 2023 ஆசியக் கோப்பையில் லாகூரில் நடந்ததைச் சொன்னால் போதும். இலங்கை 291. ஆப்கானிஸ்தான் 37.1 ஓவரில் 292 எடுத்தால் அடுத்த சுற்று. அந்தப் பந்தில் முஜீப் அவுட், ஸ்கோர் 289. வாய்ப்பு போயிற்று என்றே ஆப்கன் வீரர்கள் நினைத்துவிட்டார்கள். ஆனால் 37.4 ஓவருக்குள் 295-ஐத் தொட்டாலும் உள்ளே போயிருக்கலாம். ஒரே ஒரு சிக்ஸர்! அந்தக் கணக்கு களத்தில் நின்றவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஃபரூக்கி அடுத்த பந்துகளைத் தடுத்து ஆடினார், எல்.பி.டபிள்யூ. ஆனார், மறுமுனையில் ரஷீத் கான் அப்படியே நின்றார். இதைக் கேட்டதும் எதிர்வீட்டுப் பையன் எழுந்தே நின்றுவிட்டான். "மாமா, நீங்க அந்த டக்-அவுட்ல இருந்திருக்கணும்!" மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

2021-ல் திருச்சி இறுதி ஆட்டம் வரைக்கும் போனது. கொரோனாக் காலம், ஆகஸ்ட் 15, ஆளில்லாத சேப்பாக்கம் மைதானம், எதிரணியின் என். ஜெகதீசன் 90 அடித்தார், 8 ரன்னில் கோப்பை கை நழுவியது. அதற்குப் பிறகு வந்த நல்ல வருஷம் 2025. முதல் நான்குக்குள் வந்தோம்! எலிமினேட்டர் நத்தத்தில், ஜூலை 2, எதிரில் திண்டுக்கல் டிராகன்ஸ். அவர்களின் அஸ்வின் பந்துவீச்சில் 3 விக்கெட் எடுத்தார், பிறகு தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 48 பந்தில் 83 அடித்தார். அதோடு நம் சீசன் முடிந்தது. அந்த திண்டுக்கல்தான் இரண்டே நாளில் லீக்கில் தோல்வியே காணாத சேப்பாக்கத்தையும் வெளியே அனுப்பியது. திருப்பூர் கோப்பையைத் தூக்கியது.

எலிமினேட்டரில் தோற்ற அன்று ராத்திரி திண்ணையில் டைரி மூடப்பட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். திறந்தே இருந்தது. லீக்கில் எந்தெந்த ஆட்டத்தில் எத்தனை ரன் விட்டோம், எந்த நாலு பந்து வீணாகப் போயிற்று என்று பையன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மாமா பச்சை மையில் குறித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மாமி இரண்டாவது தடவையாகக் கூப்பிட்டார். "சாப்பிட வரேளா இல்லையா?"

"இதோ, இன்னும் ரெண்டு மேட்ச்தான் பாக்கி."