தூத்துக்குடியில் ஒரு சோம்பல் நாள்

திண்டுக்கல் ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயரை எல்லாரும் படிப்போம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஓர் எண்ணும் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து நம் ஊர் எத்தனை மீட்டர் உயரம் என்று அது சொல்கிறது. நம் பலகையில் 250 மீட்டருக்கு மேல். தூத்துக்குடி நிலையத்தில் இறங்கிப் பாருங்கள், ஒற்றை இலக்கம்தான். நள்ளிரவு தாண்டி நம் ஊரைக் கடக்கும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறித் தூங்கிவிட்டால், விடிவதற்குள் 200 கிலோமீட்டருக்கு மேல் போயிருப்போம். சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சொச்சம் இறங்கியும் இருப்போம். சரிவு அவ்வளவு மெதுவாக இருப்பதால் படுக்கையில் உருண்டு விழாமல் போய்ச் சேர்கிறோம்.

கடல் ஒரு நிலையில் நிற்காதே, ஏறும், இறங்குமே, அதில் எதை ‘மட்டம்’ என்று வைத்தார்கள்? நியாயமான கேள்விதான். துறைமுகங்களில் அளவுகோலை நட்டு, கடல் ஏறுவதையும் இறங்குவதையும் ஆண்டுக்கணக்கில் குறித்து, சராசரி எடுத்தார்கள். 1909இல் இந்திய நில அளவைத் துறை இப்படி ஒன்பது துறைமுகங்களின் சராசரியை அடிப்படையாக வைத்தது. அவற்றில் நாகப்பட்டினமும் சென்னையும் உண்டு.

முழுப் பரீட்சை லீவில் வேன் பிடித்துப் போகிறவர்கள் ஒரே நாளில் ஏழெட்டு இடம் பார்க்கத் திட்டம் போடுவார்கள். இறங்கு, போட்டோ எடு, ஏறு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமானால் சோம்பேறியாக உட்கார வேண்டும். காலையில் பார்த்த அதே இடத்தை மதியமும் சாயங்காலமும் பார்த்தால்தான் என்னென்ன மாறியிருக்கிறது என்று தெரியும். அதனால் இந்த லீவுக்கு என் யோசனை: தூத்துக்குடியில் ஒரு நாள், அதிலும் பாதி நேரம் சும்மா.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் முயல் தீவு இருக்கிறது. பெயர்தான் தீவு, சாலையிலேயே போய்விடலாம். காலை வெயில் ஏறுமுன் மணலில் உட்கார்ந்து கிழக்கே பாருங்கள். திண்டுக்கல் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு புதுமை காத்திருக்கிறது. நம் ஊர் மலைக்கோட்டை மேலே ஏறினாலும் ஒரு பக்கம் சிறுமலை நிற்கும், இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலைகள் நிற்கும். வானமும் பூமியும் நேர்கோட்டில் தொடுவதை நாம் பார்ப்பது அபூர்வம். இங்கே அந்தக் கோடு முழுதாகக் கிடைக்கிறது.

அந்தக் கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஐம்பது கிலோமீட்டர், நூறு கிலோமீட்டர் என்று சொல்லத் தோன்றும். மணலில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், கோடு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில்தான் இருக்கிறது. எழுந்து நில்லுங்கள். கண் 1.2 மீட்டர் உயரத்துக்கு வந்தால் கோடு நான்கு கிலோமீட்டருக்குத் தள்ளிப் போகும். அப்பாவின் தோளில் ஏறினால் ஐந்தைத் தாண்டும். பத்து மீட்டர் உயர மொட்டை மாடியில் நின்றால் ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். பூமி வளைந்திருப்பதுதான் காரணம். வர்க்கமூலம் படித்த அண்ணன், அக்காக்களுக்கு ஒரு சூத்திரம்: கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.6ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் வரும்.

இதைச் சோதிக்கத் தூரத்தில் ஒரு கப்பல் தெரிகிறதா என்று தேடுங்கள். நீங்கள் மணலில் நின்றுகொண்டிருக்க, 15 கிலோமீட்டர் தள்ளி ஒரு கப்பல் நின்றால், அதன் கீழ்ப்பகுதி ஏறக்குறைய பத்து மீட்டர் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மூன்று மாடி உயரம் மறைந்துபோய், மேல்தளமும் கொடிமரமும் மட்டும் தண்ணீர்மேல் தெரியும். கப்பல் நெருங்க நெருங்க அதன் உடம்பு கீழிருந்து மேலெழும். பொறுமை வேண்டும், சாக்லேட் தின்றுகொண்டே பார்க்கலாம்.

வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய காலத்தில் இங்கே இப்போதைய துறைமுகம் கிடையாது. கரையோரம் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் கடலுக்குள் தள்ளி நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். இப்போதைய ஆழ்கடல் துறைமுகம் 1974இல் திறக்கப்பட்டது. கடலுக்குள் தலா நான்கு கிலோமீட்டர் அளவுக்கு இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டி, நடுவில் அமைதியான தண்ணீரை உண்டாக்கியிருக்கிறார்கள்.

பத்து மணிவாக்கில் காற்று அடங்கிப் புழுக்கமாக இருக்கும். எழுந்து போய்விடாதீர்கள். கைக்குட்டையை ஒரு குச்சியில் கட்டி நட்டு வையுங்கள். உச்சிவெயில் நெருங்கும்போது கைக்குட்டை மெதுவாக அசைந்து, பிறகு ஊர்ப்பக்கமாகத் திரும்பிப் படபடக்கும். கடற்காற்று வந்துவிட்டது.

இதற்குக் காரணம் மணலுக்கும் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு. ஒரே அளவு சூட்டை இரண்டுக்கும் கொடுத்தால், ஒரு கிலோ மணல் ஒரு கிலோ தண்ணீரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகமாகச் சுடும். அதோடு மணலில் சூடு மேலே சில சென்டிமீட்டரிலேயே தங்கிவிடுகிறது. சித்திரை மாத மத்தியானம் மலைக்கோட்டைப் பாறையில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலில் அப்படி நடப்பதில்லை. வெயில் தண்ணீருக்குள் மீட்டர் கணக்கில் இறங்குகிறது, அலை அதைக் கலக்கிவிடுகிறது, ஆவியாகும் நீரும் சூட்டைக் கொண்டுபோகிறது. ஆக, நண்பகலில் நிலம் கொதிக்க, கடல் இதமாகவே இருக்கும். நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி விரிந்து மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. அந்நேரம் வானத்தைப் பாருங்கள். கடலுக்கு மேலே தெளிவாக இருந்தாலும், ஊருக்குள் பஞ்சுமேகங்கள் எழும்பியிருக்கக்கூடும். சூடான காற்று மேலே போய்க் குளிர்ந்ததற்கு அவைதான் சாட்சி.

இரவில் எல்லாம் தலைகீழ். நிலம் சீக்கிரம் ஆறிவிடும், காற்று கடலை நோக்கிப் போகும். என்ஜின் வருவதற்கு முன் பாய்மரக்காரர்கள் விடியுமுன் அந்தக் காற்றில் கடலுக்குப் போய், மதியத்துக்கு மேல் கடற்காற்றில் கரை திரும்பினார்கள். பெட்ரோல் செலவே இல்லை!

ஆனி, ஆடியில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. அப்போது மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலையில் இறக்கிவிட்டு, வறண்டு போய், கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு இங்கே வந்து சேரும். கண்ணில் மண் விழும். சுற்றுலா வந்தவர்கள் திட்டுவார்கள். உப்பளக்காரர்களுக்கோ அது தங்கம்.

துறைமுகச் சாலையிலும் திருச்செந்தூர் சாலையிலும் இரு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மின்னும். அவைதான் உப்பளங்கள். இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்துக்கு. கொளுத்தும் வெயில், வறண்ட காற்று, குறைவான மழை மூன்றும் ஒரே இடத்தில் அமைந்ததால் இது சாத்தியமாகிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருப்பவை சுமார் 35 கிராம். அவற்றில் நாம் சாப்பிடும் உப்பு ஏறக்குறைய 27 கிராம், மற்றவை வேறு உப்புகள். இவற்றை எப்படிப் பிரிக்கிறார்கள்? சல்லடை கிடையாது, வெயில்தான் பிரிக்கிறது. தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றிச் சுண்டவிடுகிறார்கள். ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் அடியில் படிகிறது. சாக்பீஸ் செய்வதற்குப் பயன்படும் பொருள் அது. பத்தில் ஒரு பங்காகும்போதுதான் சமையல் உப்பு கல்லாக விளையத் தொடங்கும். முழுவதும் வற்றவிட மாட்டார்கள். கடைசியில் மிஞ்சும் நீரில் மக்னீசிய உப்புகள் இருக்கும், வாயில் பட்டால் கசக்கும். அதை வடித்து வெளியேற்றிவிட்டு உப்பை வாருகிறார்கள். கடலிலிருந்து மட்டுமல்லாமல், ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும் உப்புநீர் எடுக்கிறார்கள். அது பெரும்பாலும் கடல்நீரைவிடக் கரிப்பு அதிகம், சீக்கிரம் விளையும்.

நன்றாகச் சுண்டிய பாத்திகள் சில சமயம் இளஞ்சிவப்பாக இருக்கும். யாரும் சாயம் கலக்கவில்லை. அவ்வளவு கரிப்பிலும் வாழத் தெரிந்த நுண்ணுயிர்களின் நிறம் அது. வெயிலிலிருந்து தப்பிக்க அவை கேரட்டில் இருப்பது போன்ற நிறமிகளைத் தங்களுக்குள் வைத்திருக்கின்றன. பருவத்தில் உப்பளங்களுக்கு வரும் பூநாரைகள் சிவப்பாக இருப்பதற்கும் அவை தின்னும் உணவில் உள்ள இதே வகை நிறமிகள்தான் காரணம். உப்பளத்துக்குள் கேட்காமல் இறங்காதீர்கள், பாத்தியில் பதியும் செருப்புத் தடத்தைத் திரும்பச் சமன் செய்வது ஒருவருக்கு வேலை. விடிவதற்கு முன்பே வேலைக்கு வந்து, வெள்ளை உப்பில் எதிரொளிக்கும் வெயிலில் கண் கூச நிற்கிறவர்கள் உப்பளத் தொழிலாளர்கள்.

உப்பு நம் ஊருக்கும் வந்திருக்கிறது, சமையலறைக்கு மட்டுமல்ல. பேகம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்கூடங்களுக்கு வரும் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதில் உப்பைத் தடவுவார்கள். உப்பு தோலிலுள்ள நீரை உறிஞ்சிவிடுவதால் பாக்டீரியாக்கள் அங்கே பிழைக்க முடியாது. தொழிற்கூடத்தில் தோலைக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரோடு போய் நிலத்துக்குள் இறங்கும். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் பல கிணறுகள் கரித்துப்போனதற்கு அது ஒரு காரணம். உப்பளத்தில் தண்ணீரை விரட்டிவிட்டு உப்பை அள்ள வெயில் போதும். கிணற்றுக்குள் போன உப்பை அள்ள அவ்வளவு சுலபமான வழி இல்லை.

சாயங்காலம் ஊருக்குள் போய் மக்ரூன் வாங்காமல் திரும்பாதீர்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, முக்கியமாக இந்த மூன்றே பொருள்தான். வெள்ளைக்கருவை அடித்து நுரையாக்கும்போது சுருண்டு கிடக்கும் புரத இழைகள் பிரிந்து, காற்றுக்குமிழ்களைச் சுற்றி வலை பின்னிக்கொள்கின்றன. மிதமான சூட்டில் அந்த வலை அப்படியே இறுகிவிடும். பாக்கெட்டைத் திறந்தால் உடனே தின்றுவிட வேண்டும், இது பேராசைக்காரன் சொல்லும் சாக்கு இல்லை! கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், சர்க்கரை அதை இழுத்துக்கொள்ளும், மொறுமொறுப்பு போய்விடும்.

தூத்துக்குடிக்கு உள்ள முத்துநகர் என்ற பெயருக்காக ஒரு வார்த்தை. சுவாதி நட்சத்திரத்தில் விழும் மழைத்துளி சிப்பிக்குள் முத்தாகும் என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் சிப்பியின் மென்மையான உடம்பில் காயமோ ஒட்டுண்ணியோ உறுத்தினால், அதைச் சுற்றிச் சிப்பி தன் ஓட்டின் உட்பக்கப் பொருளையே அடுக்கடுக்காகப் பூசுகிறது. இதை மனிதர்கள் சிப்பிக்குள் வேண்டுமென்றே செய்து முத்து வளர்ப்பதில் இந்தியாவின் முதல் வெற்றி 1973இல் தூத்துக்குடியில்தான் கிடைத்தது, மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளுக்கு.

திண்டுக்கல்காரர்கள் கடற்கரை வீடுகளில் ஒன்றை மட்டும் தவறாமல் கவனிக்க வேண்டும்: பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர் இரும்புப் பூட்டு, நம் ஊரில் ஆண்டுக்கணக்கில் பளபளப்பாக இருக்கும். அதையே கடலோர வீட்டுக் கதவில் மாட்டினால் சீக்கிரமே செம்பழுப்பு ஏறிவிடும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும். அந்த ஈரத்தில் உப்பும் சேர்ந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துருப்பிடிக்கும் வேலை வேகமாகும். அப்படியானால் உப்புத் தண்ணீரிலேயே மிதக்கும் இரும்புக் கப்பலின் கதி? கப்பலின் அடிப்பாகத்தில் ஆங்காங்கே துத்தநாகக் கட்டிகளைப் பொருத்திவிடுகிறார்கள். கடல்நீர் இரும்பை விட்டுவிட்டுத் துத்தநாகத்தை முதலில் அரிக்கும். கட்டி கரைந்ததும் புதிதாக மாற்றுவார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் நான்கு கண்ணாடி டம்ளர்களையும் நான்கு புது இரும்பு ஆணிகளையும் எடுங்கள். முதல் டம்ளரில் ஆணி மட்டும். இரண்டாவதில் ஆணியும் குடிநீரும். மூன்றாவதில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு. நான்காவதிலும் அதே உப்புநீர்தான், ஆனால் ஆணியைச் சுற்றி ஜி.ஐ. கம்பி ஒன்றை இறுக்கமாகச் சுற்றிவிட்டுப் போடுங்கள். கொடிக்கயிறாகக் கட்டும் அந்தக் கம்பியின் மேல்பூச்சு துத்தநாகம்தான். மூன்று, நான்கு நாட்களில் எந்த ஆணி முதலில் பழுக்கிறது, கம்பியின் மேல் வெள்ளைப்பொடி படிகிறதா என்று குறித்து வையுங்கள். பிறகு அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு, நான்காவது ஆணியை அதே தண்ணீரில் இன்னொரு வாரம் விட்டுவிடுங்கள்.