போஸ்னியப் போரும் நடுநிலையின் விலையும்

ஓர் இனப்போரில் வெளியுலகம் தலையிட முற்படும்போது அதன் கையில் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் நான்கே: சமரசப் பேச்சு, பொருளாதாரத் தடை அல்லது ஆயுதத் தடை, அமைதிகாப்புப் படை, நேரடிப் படைபலம். 1992 முதல் 1995 வரை நீடித்து, ஏறத்தாழ ஒரு லட்சம் உயிர்களைப் பலிகொண்ட போஸ்னியப் போரில் இந்நான்கும் கையாளப்பட்டன. அவற்றுள் முதல் மூன்றும் ஏன் போரை நிறுத்தத் தவறின என்பது இன்றும் ஆராயத்தக்க கேள்வியாகும்.

யூகோஸ்லாவியக் கூட்டாட்சி சிதைந்தபோது, அதன் உறுப்புக் குடியரசான போஸ்னியாவில் முஸ்லிம்கள் சுமார் 44 விழுக்காடும், செர்பியர் 31 விழுக்காடும், குரோவாசியர் 17 விழுக்காடுமாகக் கலந்து வாழ்ந்தனர். செர்பியரில் பெரும்பாலோர் புறக்கணித்த பொது வாக்கெடுப்புக்குப் பின், 1992 ஏப்ரலில் ஐரோப்பியச் சமூகமும் அமெரிக்காவும் அந்நாட்டின் விடுதலையை அங்கீகரித்தனவே தவிர, அதைக் காக்கும் பொறுப்பை ஏற்கவில்லை. ஐ.நா. பாதுகாப்பு அவை 1991 செப்டம்பரில் யூகோஸ்லாவியா முழுமைக்கும் விதித்திருந்த ஆயுதத் தடை, எல்லாத் தரப்பையும் ஒன்றுபோல் நடத்துவதாகத் தோன்றினாலும், பழைய கூட்டாட்சிப் படையின் பீரங்கிகள் போஸ்னியச் செர்பியர் வசம் சென்றுவிட்டதால், வலியவனின் வலிமையை அப்படியே நிலைநிறுத்தும் ஏற்பாடாகவே முடிந்தது.

அமைதிகாப்புப் படை என்பது, போரிடும் தரப்புகளின் இசைவோடு, ஏற்கெனவே எட்டப்பட்ட போர்நிறுத்தத்தைக் கண்காணிப்பதற்கென உருவான அமைப்பாகும். காக்க அமைதியே இல்லாத போஸ்னியாவுக்கு அது அனுப்பப்பட்டதுதான் அடிப்படைச் சிக்கல். 1993இல் சரயேவோ, ஸ்ரெப்ரெனிட்சா உள்ளிட்ட ஆறு இடங்கள் ‘பாதுகாப்புப் பகுதிகள்’ என அறிவிக்கப்பட்டபோது, அவற்றைக் காக்க 34,000 வீரர்கள் தேவை என ஐ.நா. தலைமைச் செயலகம் மதிப்பிட்டது. உறுப்பு நாடுகளோ 7,600 பேருக்கு மட்டுமே ஒப்புக்கொண்டன. வான் தாக்குதலுக்கும் ஐ.நா., நேட்டோ ஆகிய இரு தரப்பின் இசைவும் வேண்டும் என்ற ‘இரட்டைச் சாவி’ முறை, நடவடிக்கையைத் தாமதப்படுத்தியது. 1995 ஜூலை 11 அன்று ஸ்ரெப்ரெனிட்சா வீழ்ந்தபோது அங்கிருந்த சில நூறு டச்சு வீரர்களால் அதைத் தடுக்க இயலவில்லை. அடுத்த சில நாள்களில் ஏறத்தாழ 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர்.

இராஜதந்திர முயற்சிகள் இதற்கிடையே ஓயாமல் நடந்தன. நாட்டைப் பத்து மாநிலங்களாகப் பிரிக்கும் வான்ஸ்-ஓவன் திட்டத்தை 1993 மே மாதத்தில் போஸ்னியச் செர்பியர் நிராகரித்தனர். அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகியவை அடங்கிய தொடர்புக் குழு, நிலப்பரப்பில் 51 விழுக்காட்டை முஸ்லிம்-குரோவாசியக் கூட்டமைப்புக்கும் 49 விழுக்காட்டைச் செர்பியருக்கும் அளிக்க 1994இல் முன்வைத்த திட்டத்துக்கும் அதே கதி நேர்ந்தது. மறுப்பவர் எதையும் இழக்க வேண்டியதில்லை என்ற நிலையில், வரைபடங்கள் வெறும் காகிதங்களாகவே எஞ்சின.

1995இல் அந்நிலை மாறியது. குரோவாசியப் படையும் போஸ்னிய அரசுப் படையும் களத்தில் முன்னேறின. ஆகஸ்ட் 30 அன்று நேட்டோவின் தொடர் வான் தாக்குதல் தொடங்கியது. பொருளாதாரத் தடையால் தளர்ந்திருந்த செர்பியத் தலைவர் மிலோசெவிச் உடன்பாட்டை நாடினார். அமெரிக்கத் தூதர் ரிச்சர்ட் ஹோல்புரூக் தலைமையேற்று நடத்திய டேட்டன் பேச்சு நவம்பர் 21 அன்று நிறைவேறியது. அங்கே ஏற்கப்பட்ட பங்கீடு ஓராண்டுக்கு முன் நிராகரிக்கப்பட்ட அதே 51-49தான். ஆனால் இம்முறை அதை நிறைவேற்ற நேட்டோ தலைமையில் சுமார் 60,000 வீரர்கள் அனுப்பப்பட்டனர்.

டேட்டன் போரை நிறுத்தியது; போர் வகுத்த கோடுகளை அழிக்கவில்லை. உடன்பாட்டின் இணைப்பாகவே அமைந்த அரசியல் சட்டம், மூவர் கொண்ட குடியரசுத் தலைமையை மூன்று இனங்களுக்கு மட்டுமே ஒதுக்கியதால், யூதரும் ரோமா மக்களும் அப்பதவிக்குப் போட்டியிட முடியாத நிலை உருவாயிற்று; இது பாகுபாடு என ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. தரப்புகள் சமமாக இல்லாத போரில் நடுநிலையும் ஒரு பக்கச் சார்பாகவே முடியும் என்பதும், காலம் தாழ்த்திய தலையீடு ஆயுதம் ஏந்தியவர்கள் வகுத்த பிரிவினையையே சட்டமாக ஏற்க நேரிடும் என்பதும் போஸ்னியா உணர்த்தும் பாடங்களாகும்.