ஒல்லியான தாயின் பால் தண்ணிப் பாலா?



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். உறுப்பினர் ஒருவர் இரண்டு மாதக் கைக்குழந்தையோடு வந்திருந்தார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நின்று நாலு நாள்தான் ஆகியிருந்தது. "இவளே நோஞ்சானா இருக்கா, இவ பாலுல என்ன சத்து இருக்கப்போவுது, வெறும் தண்ணிதான்" என்று வீட்டில் பெரியவங்க சொல்ல, பசும்பாலில் தண்ணீர் கலந்து புட்டியில் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் வைத்தியச் செலவுக்குச் சங்கத்தில் கடன்!

பல வீடுகளில் இந்தப் பேச்சு உண்டு. உண்மை என்ன என்று பார்ப்போம்.

பாலில் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 3 முதல் 5 கிராம் கொழுப்பு இருக்கிறது. குழந்தைக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய பாதி இதிலிருந்துதான். மூளை வளர்ச்சிக்கும் இது வேண்டும். இந்தக் கொழுப்பு மூன்று வழியில் வருகிறது: தாய் சாப்பிடும் உணவு, அவர் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு, மார்பிலுள்ள பால் சுரப்பி தானே தயாரிப்பது. ஒரு வழியில் குறைந்தால் மற்ற வழிகள் ஈடுகட்டும். அதனால் ஒல்லியான தாயின் பாலும் நல்ல பால்தான். கடுமையான பட்டினியில்தான் பால் குறையும்.

குண்டான தாய் என்றால்?

பாலில் கொழுப்பு சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் சிலருக்குப் பிரசவமான பிறகு பால் ஊறுவதற்கு ஓரிரு நாள் தாமதமாகும். "பாலே இல்லை" என்று பயப்பட வேண்டாம். சீம்பாலைக் கொடுத்து, அடிக்கடி சப்ப விடுங்கள். சப்பச் சப்பத்தான் பால் ஊறும்.

அப்படியானால் பால் தண்ணியாகத் தெரிவது ஏன்?

முதலில் வருவது முன்பால். இது நீர்த்திருக்கும், தாகம் தீர்க்கும். போகப்போக வரும் பின்பாலில் கொழுப்பு அதிகம். ஆகவே ஒரு பக்கம் நன்றாகக் குடித்து முடித்த பிறகு அடுத்த பக்கம் மாற்றுங்கள். பாதியில் பிடுங்காதீர்கள். குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்குமேல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

நஷ்டம் யாருக்கு?

தாய் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் அவர் உடம்பு தன் சேமிப்பை எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடும். சேமிப்பே இல்லாத உடம்பு என்ன ஆகும்? சோர்வு, தலைசுற்றல், ரத்தசோகைதான். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும். அதாவது இன்னொரு வேளைச் சாப்பாடு. பத்தியம் என்று பருப்பு, கீரை, முட்டை, மீனை ஒதுக்காதீர்கள். மத்தி மீனில் உள்ள நல்ல கொழுப்பு பால் வழியாகக் குழந்தையின் மூளைக்குப் போகிறது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு தாய்க்குத்தான், வீட்டில் எல்லோருக்கும் பங்கு போட அல்ல. பிரசவத்திற்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரையும் அவசியம்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். எடை ஏறவில்லை என்றால் புட்டியைத் தேடாமல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். மாமியார்களையும் அழைத்து வாருங்கள். "உன் பாலுல சத்து இல்ல" என்று சொல்வதை விட்டு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்கும் வீடாக நம் வீடுகள் மாறட்டும்!