பாலில் மிதக்கும் கண்ணாடிக் குழாய்

தனக்கென வடிவமின்றி, ஊற்றிய கலத்தின் வடிவை ஏற்று ஓடும் தன்மையுடைய பொருள்களைப் பாய்மங்கள் என்பர். திரவமும் வாயுவும் இதில் அடங்கும். இவற்றுள் திரவத்தின் கன அளவு எளிதில் சுருங்காது என்பதால்தான், அதை அன்று படியாலும் இன்று லிட்டராலும் அளந்து விற்க முடிகிறது. எனினும் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்க, அதே கன அளவுள்ள தேங்காய் எண்ணெய் சுமார் 920 கிராமும், தேன் சுமார் 1,400 கிராமும் இருக்கும். குறிப்பிட்ட கன அளவில் அடங்கிய இந்த நிறையே அடர்த்தி. தேன் மெல்ல வடிவதற்கும் அடர்த்தியே காரணம் எனக் கருதுவது பிழை, தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியுள்ள பாதரசம் தடையின்றி ஓடுகிறது. ஓட்டத்தைத் தடுப்பது பாகுத்தன்மை என்னும் வேறொரு பண்பு.

அடர்த்தியை நம்பி அன்றாடம் பணம் கைமாறும் இடம் பால் சங்கம். அங்கு பாலை நன்கு கலக்கி உயரமான குவளையில் ஊற்றி, அடியில் எடையேற்றிய கண்ணாடிக் குழாயான லாக்டோமீட்டரைக் குவளையின் பக்கங்களில் படாமல் மிதக்கவிடுகின்றனர். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான திரவத்தை விலக்கும் என்ற ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, பால் அடர்த்தியாக இருந்தால் குழாய் மேலெழும். தண்ணீர் கலந்திருந்தால் அமிழும். அளவுகோலில் 30 என்பது, ஒரு லிட்டர் பால் 1,030 கிராம் என்பதைக் குறிக்கும்; நல்ல பசும்பாலில் அளவு பெரும்பாலும் 28-க்கும் 32-க்கும் இடையில் நிற்கும்.

இந்த எண் மட்டும் போதாது. கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது; ஆகவே ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும், பின்னர் தண்ணீர் சேர்த்தால் அது பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். இம்மோசடியை லாக்டோமீட்டர் காட்டாது என்பதால், கந்தக அமிலத்தால் புரதத்தைக் கரைத்து, குப்பியைச் சுழற்றிக் கொழுப்பைப் பிரித்தளக்கும் கெர்பர் சோதனை தேவைப்படுகிறது.

பால் ஊற்றுவோர் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று உண்டு. வெப்பம் ஏறினால் பால் விரிந்து அடர்த்தி குறையும்; கறந்தவுடன் அதில் நுண்ணிய காற்றுக் குமிழ்களும் இருக்கும். அந்தச் சூட்டோடு அளந்து, வெப்பநிலைக்குரிய திருத்தத்தையும் செய்யாமல் விட்டால், ஒரு துளி தண்ணீர் சேராத பாலும் தண்ணீர் கலந்ததாகத் தோன்றி, மாடு வளர்ப்பவருக்குக் கிடைக்கும் பணம் குறையும். ஆதலால் நுரை அடங்கும்வரை பாலைச் சற்று நேரம் வைத்திருந்து, கருவிக்குரிய வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பின்னரே குழாயை இட வேண்டும்.