புத்திசொல்லுதலும் பக்கத்தில் நிற்றலும்

நமது பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் ஒரே கிரேக்கச் சொல் இருவகையாய்த் தமிழாக்கம் பெற்றிருப்பதை இறையியல் மாணவர் கவனித்திருப்பர். பராக்கலெயோ என்னும் அவ்வினைச்சொல்லுக்கு 'அருகே அழைத்தல்' என்பதே வேர்ப்பொருள். 1 தெசலோனிக்கேயர் 4:18-இல் அது 'தேற்றுதல்' ஆகிறது. ரோமர் 12:8-இலும் எபிரெயர் 3:13-இலும் 'புத்திசொல்லுதல்' ஆகிறது. பரிசுத்த ஆவியானவரைக் குறிக்கும் 'தேற்றரவாளன்' என்னும் பெயரும் அதே வேரினின்று பிறந்ததே. மொழிபெயர்ப்பாளரை நாம் குறைகூறவில்லை. ஆயினும், புத்திசொல்லுதல் என்றவுடன் நம் மக்கள் மனக்கண்முன் தோன்றுவது, மூத்தவர் நின்று பேச இளையவர் தலைகுனிந்து கேட்கும் காட்சியே. ஆயர்களாகிய நமக்கு அது வசதியாயும் அமைந்துவிட்டது.

அந்தியோகியாவில் புத்திசொன்ன பர்னபாவோ அவ்வாறு நின்றவனல்லன். எருசலேமின் சீஷர்கள் சவுலுக்கு அஞ்சி விலகியபோது, அவனை அழைத்துச் சென்று அவனுக்காகப் பேசினவன் அவன். மாற்குவைப் பவுல் ஏற்க மறுத்தபோது, அவனைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினவனும் அவனே.

இத்தகைய துணைநிற்றலுக்கு நம் நாட்டுத் திருச்சபை வரலாற்றிலும் சான்று உண்டு. அரியலூரிலிருந்து திருமானூர் வழியாய்த் தஞ்சைக்குச் செல்வோர் கொள்ளிடத்தைக் கடக்கின்றனர். ஆற்றின் வடபுறத்தில், திருமானூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஏலாக்குறிச்சியில், கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர் அடைக்கல மாதாவின் பெயரால் ஆலயம் அமைத்து, அவ்விடத்தைத் திருக்காவலூர் என அழைத்தார். நாடி வருவோரை ஏற்றுக்கொள்வதே அடைக்கலம். ஆனால் நாடி வரவும் இயலாதவர் உளர். ஆற்றின் தென்புறத்துத் தஞ்சையில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஓர் இளவரசர் அந்நிலையில் இருந்தார்.

1787-இல் மரணத் தறுவாயில் இருந்த துளஜா மன்னர், தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் ஒப்புவிக்க விரும்பினார். ஐயர் அப்பொறுப்பை உடனே ஏற்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. மன்னரின் சகோதரர் அமர்சிங்கே பிள்ளையைக் காக்கட்டும் என்றார். அந்த யோசனை தவறிப்போயிற்று. அமர்சிங் அரியணை ஏறியபின் சிறுவன் அடைபட்டுக் கிடந்தான், கல்வியும் மறுக்கப்பட்டது. ஐயர் தம் தவற்றை உணர்ந்தவர்போல் அதன்பின் ஓயவில்லை. கும்பினி அதிகாரிகளிடம் சலியாது முறையிட்டார். தாமே பாடம் கற்பித்தார். 1793-இல், அறுபத்தாறு வயதில், இளவரசரோடு சென்னைக்குப் பயணமானார். அங்கே கெரிக்கே ஐயர் கல்விப் பொறுப்பை ஏற்றார்.

இவ்வளவும் செய்தும் சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. 1832-இல் இறக்கும்வரை தம் முன்னோர் சமயத்திலேயே இருந்தார். மிஷன் அறிக்கைகளின் கணக்கில் இது சேராது. எண்ணிக்கை கேட்கும் சபைக் குழுவினருக்கு இதனை எவ்வாறு விளக்குவது? விளக்க வேண்டியதில்லை என்றே நாம் கருதுகிறோம். பலன் வரும் என்னும் உறுதியின்பேரில் மட்டுமே ஒருவரருகே நிற்போமானால், நாம் நிற்பது அவர் பொருட்டன்று. சுவார்ட்ஸ் கிறிஸ்துவைப்பற்றி இளவரசரிடம் பேசாதவரல்லர். பேச்சு பலிக்காதபோதும் அவர் விலகவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது.

1798 பிப்ரவரி 13-ஆம் நாள் ஐயர் தஞ்சையில் காலமானார். அடக்கத்திற்குமுன் சரபோஜி வந்து, முகம் பார்த்துக் கண்ணீர் விட்டார். அவர் அரியணை ஏறியது அதே ஆண்டு, சில மாதங்கள் கழித்தே. அதனைக் காண ஐயர் இல்லை. பின்னர் மன்னர், ஆங்கிலச் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக்கொண்டு ஒரு பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்தார். தஞ்சைச் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் அதனை இன்றும் காணலாம். அதில் ஐயர் பிரசங்கபீடத்தில் நிற்கவில்லை. மரணப் படுக்கையில் கிடக்கிறார். அவர் கையைப் பற்றியபடி அருகே நிற்பவர் சரபோஜி.